அக்காளின் பங்கு

வாசகர் கடிதம் (சுருக்கம்): தென்மாவட்டச் சிற்றூர் ஒன்றில் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையைச் சேர்ந்தவன் நான், வயது 49. பல ஆண்டுகள் குடிக்கு அடிமையாக இருந்தேன். அப்பா உயில் எழுதாமல் இறந்தார். அம்மா அதற்கு முன்பே போய்விட்டார். 90 சென்ட் நிலத்துக்கு நானும் அக்காளும் மட்டுமே வாரிசுகள். வங்கிக் கடனுக்கு வேண்டும் என்று பொய் சொல்லி, தன் பங்கை எனக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் அக்காளிடம் கையெழுத்து வாங்கினேன். 60 சென்டை விற்று அழித்தேன். மீதி 30 சென்ட் என் பெயரில் இருக்கிறது. மகள் கல்யாணத்துக்கு அந்தப் பங்கை நம்பியிருந்த அக்காள், கடைசியில் வட்டிக்கு வாங்கித்தான் அதை நடத்தினார். சென்ற ஆண்டு ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் ஆண்டவரை ஏற்றுக்கொண்டேன். அன்று முதல் குடிக்கவில்லை. அக்காள் வீட்டுக்குப் போய், "பழையவைகள் ஒழிந்துபோயின, எல்லாம் புதிதாயின" என்ற வசனத்தைச் சொன்னேன். "ஒழிந்துபோனது என் பங்குதானே" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார். அவருடைய கடின இருதயம் மாற ஜெபக்குழுவில் விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். அறுப்பின் பண்டிகையில் ஆலயக் கட்டட நிதிக்கு ஒரு லட்சம் ரூபாய் தருவதாகப் பொருத்தனை (நேர்ச்சை) செய்திருக்கிறேன். தேவன் மன்னித்தவனை மனிதர் மன்னிக்காமல் இருக்கலாமா? மன்னிக்கப்பட்ட எனக்கு ஏன் தூக்கம் வருவதில்லை? கோபமும் பழைய ஆசையும் ஏன் விடவில்லை? நிலத்தைத் திருப்பிக் கொடுத்தால் கிரியையினால் (நம் செயல்களால்) இரட்சிப்பைத் தேடுவதாகிவிடும் என்கிறார் ஒரு சகோதரர். அது சரியா? இந்த நிலையில் திருவிருந்தில் பங்கெடுக்கலாமா?

அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் கடிதத்தில் எதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். வங்கிக் கடனுக்கு என்று பொய் சொன்னேன் என்பதை "சூழ்நிலை அப்படி" என்று மழுப்பாமல் நேராகவே சொல்லிவிட்டீர்கள். அந்த நேர்மையை நம்பித்தான் நானும் சில விஷயங்களைச் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். அவற்றில் ஒன்றிரண்டு உங்களுக்கு வலிக்கும்.

நிலத்தைத் திருப்பிக் கொடுப்பது கிரியையினால் இரட்சிப்பைத் தேடுவதாகும் என்று சொன்ன சகோதரருக்கு முதலில் பதில் சொல்லிவிடலாம், ஏனெனில் மற்றக் கேள்விகளெல்லாம் இதைச் சுற்றியே நிற்கின்றன. கிருபை இலவசம் என்பதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. அப்போஸ்தலன் பவுல் எபேசியருக்கு எழுதிய நிருபத்தின் இரண்டாம் அதிகாரம் அதை மறுக்க இடமில்லாதபடி சொல்கிறது: அது நம்மால் உண்டானதல்ல, தேவனுடைய ஈவு. ஆனால் அதே பவுல், அதே நிருபத்தின் நான்காம் அதிகாரத்தில், திருடினவன் இனித் திருடாமல், தன் கைகளினால் பாடுபட்டு, குறைச்சலுள்ளவனுக்குக் கொடுக்கத்தக்கவனாக வேண்டும் என்றும் எழுதுகிறார். முதலில் எழுதியதை இரண்டு அதிகாரத்துக்குள் அவர் மறந்துவிடவில்லை. தேவனுடைய மன்னிப்புக்கு நீங்கள் விலை கொடுக்க முடியாது, கொடுக்கவும் வேண்டாம். அக்காளின் 45 சென்ட் அந்த விலையே அல்ல. அது அக்காளுடையது. ஒருவர் பொருளை அவரிடமே சேர்ப்பதைப் புண்ணியக் கணக்கில் எழுத முடியாது. இரட்சிப்பைச் சம்பாதிக்கப் பார்க்கிறான் என்று அதன்மேல் குற்றம் சாட்டவும் முடியாது.

வரி வசூலித்துச் செல்வம் சேர்த்த சகேயுவின் கதையை ஞாயிறு பாடசாலையில் காட்டத்தி மரத்தோடு படித்திருப்பீர்கள். லூக்கா 19-ஆம் அதிகாரத்தை இப்போது மறுபடியும் எடுத்து, நிகழ்ச்சிகளின் வரிசையை மட்டும் கவனித்து வாசியுங்கள். அவன் ஏறியிருந்த மரத்தின்கீழ் நின்ற இயேசு, "நீ யாரையெல்லாம் ஏமாற்றினாய்" என்று கேட்கவில்லை. "இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்" என்கிறார். அழைப்பு முந்திவிட்டது. ஏமாற்றி வாங்கியதை நாலத்தனையாக (நான்கு மடங்காக)த் திரும்பச் செலுத்துகிறேன் என்ற வாக்கு, யாரும் கேளாமல், அதற்குப் பிறகு வருகிறது. ஆகவே அந்தப் பணம் இயேசுவை வீட்டுக்குள் கொண்டுவரக் கொடுத்த நுழைவுக் கட்டணம் அல்ல; அவர் உள்ளே வந்துவிட்டதால், தன்னுடையதல்லாத எதையும் இனி வீட்டில் வைத்திருக்கச் சகேயுவுக்கு மனம் ஒப்பவில்லை. இன்னொன்றையும் பாருங்கள். பணம் திரும்பப் பெற்ற எரிகோ ஊரார் சகேயுவை மன்னித்தார்களா, அவனோடு பேசினார்களா என்று லூக்கா ஒரு வரிகூட எழுதவில்லை. அவர்கள் மன்னிப்பார்கள் என்ற உறுதியை வாங்கிக்கொண்டு அவன் கொடுக்கவில்லை.

தேவன் மன்னித்தவனை மனிதர் மன்னிக்காமல் இருக்கலாமா என்ற கேள்வி, கடிதத்தில் உள்ளபடியே, கேட்க வேண்டியவர் கேட்கும் கேள்வி அல்ல. மத்தேயு 18-ஆம் அதிகாரத்தில் பதினாயிரம் தாலந்து மன்னிக்கப்பட்ட ஊழியக்காரன் நூறு வெள்ளிப்பணத்துக்காக உடன் ஊழியக்காரனின் தொண்டையைப் பிடித்த உவமை உங்கள் மனதில் இருக்கும் என நினைக்கிறேன். அந்த உவமையில் உங்கள் அக்காளை இரக்கமற்ற ஊழியக்காரனாக நிறுத்தியிருக்கிறீர்கள். ஆனால் பெருங்கடன் மன்னிக்கப்பட்டு வெளியே வந்தவர் நீங்கள். வெளியே வந்து, நீங்கள் கடன்பட்டிருக்கிற ஒருவரிடமே போய், எனக்கு மன்னிப்பு வர வேண்டியிருக்கிறது என்று கேட்கிறீர்கள். மன்னிக்கும்படி கர்த்தர் அக்காளையும் அழைக்கிறார் என்பது உண்மை. அந்த அழைப்பு கர்த்தருக்கும் அவருக்கும் இடையில் உள்ளது. அவரை அடித்த கை அந்த வசனத்தை ஏந்திக்கொண்டு அவர் வாசலுக்குப் போகக் கூடாது.

இதே காரணத்துக்காக, அந்த ஜெப விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். இதில் நான் கண்டிப்பாகவே சொல்கிறேன். ஒரு சபையின் ஜெபக்குழுவில், உண்மை முழுவதும் தெரியாத பதினைந்து பேர் முன்னால், ஏமாற்றப்பட்ட ஒரு பெண்ணின் இருதயம் கடினமானது என்று பேர் சொல்லி வைத்துவிட்டீர்கள். அடுத்த ஞாயிறு ஆலயத்தில் அந்தப் பதினைந்து பேரும் அவரை எப்படிப் பார்ப்பார்கள் என்று யோசித்தீர்களா? கன்வென்ஷன் மேடைகளில் சாட்சி கேட்டுக் கேட்டு எனக்குச் சற்றே சலிப்பு உண்டு என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். குடித்த ஆண்டுகள் விரிவாக வரும், மனந்திரும்பிய இரவு கண்ணீரோடு வரும், அந்த ஆண்டுகளில் நகையையும் நிலத்தையும் இழந்தவர்கள் மட்டும் ஒரு வாக்கியத்தில் வந்து போவார்கள். அக்காள் அனுமதிக்கும் நாள்வரை அவர் இடம்பெறும் சாட்சியை எங்கும் சொல்லாதிருப்பது நல்லது.

அவர் கதவைச் சாத்தியதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மன்னிப்பது ஒன்று, மறுபடியும் நம்புவது வேறு. ஆதியாகமத்தில் யோசேப்பின் வரலாறு இந்த வேறுபாட்டைக் காட்டுவதுபோல வேறெந்தப் பகுதியும் காட்டுவதாக எனக்குத் தெரியவில்லை. பதினேழு வயதில் அவனைச் சகோதரர் விற்றார்கள். ஏறத்தாழ 22 ஆண்டுகளுக்குப் பிறகு, தானியம் வாங்க எகிப்துக்கு வந்து அவன் முன்னால் தரைமட்டும் குனிந்தார்கள். அவன் அவர்களை அறிந்துகொண்டான். ஆனாலும் தன்னைத் தெரியப்படுத்தவில்லை. அவர்கள் தங்களுக்குள், "நம் சகோதரன் கெஞ்சினபோது நாம் கேளாமற்போனோமே" என்று பேசிக்கொண்டதைக் கேட்டு, அவர்களைவிட்டு அப்புறம் போய் அழுகிறான். அழுதுவிட்டுத் திரும்பி வந்து அவர்களில் ஒருவனான சிமியோனைக் கட்டுகிறான். அந்த அழுகையைப் பார்த்தால் அவன் உள்ளத்தில் வெறுப்பு இருந்ததாகச் சொல்ல முடியுமா? ஆயினும் அவன் காத்திருந்தான், ஏனென்றால் இவர்கள் இன்னும் தம்பியை விற்கிறவர்கள்தானா என்பது அவனுக்குத் தெரிய வேண்டியிருந்தது. யோசேப்பு ஒளித்துவைக்கச் சொன்ன வெள்ளிப் பாத்திரம் கடைசித் தம்பி பென்யமீனின் சாக்கில் அகப்பட்டபோது அது தெரிந்துவிட்டது: அன்று "யோசேப்பை விற்றுப்போடுவோம்" என்று யோசனை சொன்ன அதே யூதா, இன்று முன்வந்து, இளையவனுக்குப் பதிலாக நான் அடிமையாயிருக்கிறேன் என்கிறான். அதற்கு மேல் யோசேப்பால் அடக்கிக்கொண்டு நிற்க முடியவில்லை. 44-ஆம் அதிகாரத்தில் யூதா பேசும் பேச்சு நீளமானது. அதில் ஓரிடத்திலும் அவன் மன்னிப்புக் கேட்கவில்லை, தான் மாறிவிட்டதாகச் சொல்லவும் இல்லை. பழைய இடத்தில் மறுபடி நிறுத்தப்பட்டபோது வேறுவிதமாக நடந்துகொண்டான், அவ்வளவுதான். அதன் பிறகும் உறவு முழுமையாகச் சீராகிவிடவில்லை. தகப்பன் இறந்ததும், யோசேப்பு இனிப் பழிவாங்குவானோ என்று சகோதரர் நடுங்கியதைக் கடைசி அதிகாரம் சொல்கிறது.

உங்கள் அக்காளும் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றே நினைக்கிறேன். சென்ற முறை நீங்கள் இனிமையாகப் பேசிக்கொண்டு ஒரு தாளோடு வந்தீர்கள். இந்த முறை இனிமையாகப் பேசிக்கொண்டு ஒரு வசனத்தோடு வந்தீர்கள். அவருக்கு இரண்டும் ஒன்றுபோல் தெரிந்ததில் வியப்பென்ன?

இனி உங்கள் தூக்கமின்மை. மன்னிப்பின் நிச்சயம் இல்லாததால் வரும் குற்றவுணர்வு ஒன்று உண்டு. அறிக்கையிட்டு விட்டுவிட்ட பாவத்தை இரவில் மீண்டும் மீண்டும் தோண்டி எடுத்து, தேவன் உண்மையில் மன்னித்தாரா என்று கேட்டுக்கொண்டிருப்பது அது. குடித்த நாட்களைப் பற்றி அப்படி வருமானால், அதற்கு மருந்து வாக்குத்தத்தம்தான். அதை நம்பி ஓய்ந்திருங்கள். ஆனால் நீங்கள் விவரித்திருப்பது எனக்கு அப்படித் தெரியவில்லை. பட்டாவில் உங்கள் பெயர் இருக்கிறது, பத்திரம் உங்கள் பீரோவில் இருக்கிறது, அந்த முப்பது சென்டின் ஓரமாகவே நீங்கள் ஆலயத்துக்கு நடந்து போகிறீர்கள். அந்த அமைதியின்மையை விசுவாசக் குறைவு என்று கடிந்துகொண்டு விரட்டப் பார்க்காதீர்கள். உங்களை விடாமல் பிடித்திருக்கும் கிருபையின் வேலையாகவே அதை நான் காண்கிறேன்.

கோபமும் பழைய ஆசையும் விடவில்லையே என்று கேட்டிருந்தீர்கள். ஜான் நியூட்டன் என்ற ஆங்கிலேயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கிருபையைப் பற்றி அவர் எழுதிய பாமாலையை உலகமெங்கும் பாடுகிறார்கள். 1748-இல் புயலில் சிக்கிய கப்பலில் அவர் தேவனை நோக்கிக் கூப்பிட்டார்; அந்த நாளைத் தம் மனமாற்றத்தின் தொடக்கமாகவே கடைசிவரை நினைவுகூர்ந்தார். மேடைகளில் சாட்சி பொதுவாக இங்கே முடிந்துவிடும். ஆனால் அதற்குப் பிறகுதான் அவர் அடிமைகளை ஏற்றிச் செல்லும் கப்பலின் தலைவராகி, மூன்று பயணங்கள் போய் வந்தார். 1754-இல் கடல் தொழிலை விட்டதும் உடல்நலக் குறைவினால்தான், மனசாட்சி உறுத்தியதால் அல்ல. குருவானவராகிப் பல ஆண்டுகள் பிரசங்கித்தபின், 1788-இல்தான் அந்த வியாபாரத்தைக் கண்டித்து ஒரு சிறு நூலை வெளியிட்டு, அதில் தமக்கிருந்த பங்கை வெட்கத்தோடு ஒப்புக்கொண்டார். நாற்பது ஆண்டுகள் ஆயின. இது உங்களுக்கு ஆறுதலாகவும் இருக்கட்டும், எச்சரிக்கையாகவும் இருக்கட்டும். மாற்றம் மெதுவாக வருவதால் கிருபை பொய்யாகிவிடாது. ஆனால் அந்தத் தாமதத்துக்கான விலையை நியூட்டன் கொடுக்கவில்லை, கப்பலின் அடித்தட்டில் சங்கிலியோடு கிடந்தவர்கள் கொடுத்தார்கள். உங்கள் தாமதத்துக்கு இப்போது வட்டி கட்டிக்கொண்டிருப்பவர் உங்கள் அக்காள்.

குடி ஆசைக்கு ஜெபம் மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மருத்துவரைப் பாருங்கள், பக்கத்து நகரத்தில், குடியை விட முயல்வோர் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம் நடந்தால் அதற்கும் போங்கள். 1935-இல் அமெரிக்காவில் தொடங்கிய அந்த இயக்கத்தின் வேர்கள் ஒரு கிறிஸ்தவ எழுப்புதல் குழுவில் இருந்தன. அதன் பன்னிரண்டு படிகளில் எட்டாவது, தான் தீங்கு செய்தவர்களின் பட்டியலை எழுதுவது. ஒன்பதாவது, அவர்களுக்கு நேரடியாக ஈடு செய்வது, அப்படிச் செய்வது அவர்களையோ பிறரையோ புண்படுத்தும் இடத்தைத் தவிர. குடியை விட்டவன் குடியில்லாமல் நிலைத்திருக்க இது தேவை என்று குடியர்களே கண்டு எழுதி வைத்தார்கள்.

இப்போது செய்ய வேண்டியது. முதலில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். உயிலின்றி இறந்த கிறிஸ்தவரின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு என்பது 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் சொல்வது. ஆகவே நீங்கள் இருவர் மட்டும் என்றால் அவர் பங்கு 45 சென்ட். கையெழுத்து ஏமாற்றி வாங்கப்பட்டது என்று அவர் வழக்குப் போடும் காலக்கெடு ஒருவேளை கடந்திருக்கலாம். வழக்கறிஞர் அதைச் சொன்னால் அதில் ஆறுதல் தேடாதீர்கள். மீதமுள்ள 30 சென்டையும் அக்காள் பெயருக்குப் பதிவு செய்து கொடுக்க எந்தப் பத்திரம் ஏற்றது என்று கேட்டு, செலவை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். குறையும் 15 சென்டுக்கு, நீங்கள் விற்ற அன்றைய விலையைக் கணக்கிடாமல் இன்றைய விலையைக் கணக்கிடுங்கள், ஏனென்றால் அவர் இழந்தது இன்றைய நிலத்தை. எண்ணாகமம் 5-ஆம் அதிகாரம் முதலோடு ஐந்திலொரு பங்கைக் கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது. அதை நான் உங்கள்மேல் சட்டமாகச் சுமத்தவில்லை. ஆனால் கல்யாணக் கடனுக்கு அவர் கட்டிய வட்டியை நினைத்தால், அந்த ஐந்திலொன்று எதற்காக என்பது உங்களுக்கே விளங்கும். ஒரே தவணையில் முடியாது. மாதாமாதம் எவ்வளவு என்று எழுத்தில் கொடுத்து, தவறாமல் கட்டுங்கள்.

உங்கள் மனைவியைப் பற்றிக் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. குடித்த ஆண்டுகளில் இழந்தவர்களின் பட்டியலில் அவரும் இருக்கிறார். அவருடைய நகையையோ சம்பளத்தையோ எடுத்து அக்காளுக்கு ஈடு செய்வது இரண்டாவது அநியாயம் ஆகும். அவரை உட்கார வைத்து, நிலம் கைவிட்டுப் போகப்போகிறது என்பதை முதலில் சொல்லி, அவருடைய கோபத்தையும் கேட்டுக்கொண்டு, பிறகு தொடங்குங்கள்.

அக்காளிடம் நேரில் போக வேண்டாம், கடிதம் எழுதுங்கள். நீங்கள் செய்தது என்ன என்பதை, குடியின்மேல் பழி போடாமல், நான்கைந்து வரியில் எழுதுங்கள். "வங்கிக் கடனுக்கு என்று சொன்னது பொய். உன் பங்கு 45 சென்ட். இந்தத் தேதியில் இதைப் பதிவு செய்ய ஏற்பாடு செய்திருக்கிறேன். நீ வர விரும்பாவிட்டால் உன் சார்பில் யாரிடம் பேச வேண்டும் என்று சொல், அவரிடம் பேசிக்கொள்கிறேன்." இவ்வளவு போதும். அதில் வசனம் வேண்டாம், உங்கள் அனுபவமும் வேண்டாம், "மன்னித்துவிடு" என்ற வேண்டுகோள்கூட இந்தக் கடிதத்தில் வேண்டாம். அது வந்தால் நிலம் அதற்கான பேரம் போலத் தோன்றும். பெரியவர்களையும் ஐயரையும் (சபைக் குருவானவரையும்) கூட்டிக்கொண்டு போய்ச் சமரசம் பேசும் வழக்கம் நம் பக்கத்தில் உண்டு. ஐந்து பேர் முன்னால் ஒரு பெண்ணால் "இல்லை" என்று சொல்ல முடியாது என்பதை மனதில் கொண்டு அதைத் தவிர்த்துவிடுங்கள். பத்திரம் பதிவாகி, கடைசித் தவணை கட்டிய பிறகும் அவர் பேசாமல் இருக்கக்கூடும். அது அவருடைய உரிமை. "இவ்வளவு செய்தும்" என்று தொடங்கும் வாக்கியத்தை அதன்பின் யாரிடமும் சொல்லாதீர்கள்.

பொருத்தனை செய்த ஒரு லட்சத்தைப் பற்றி மத்தேயு 5-ஆம் அதிகாரம் தெளிவாகவே பேசுகிறது. பலிபீடத்தினிடத்தில் காணிக்கை செலுத்த வந்த இடத்தில், உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ என்கிறார் ஆண்டவர். குறை இருப்பது உங்களுக்கு அக்காள்மேல் அல்ல, அக்காளுக்கு உங்கள்மேல். ஆகவே நிதிப் பட்டியலில் இருந்து உங்கள் பெயரை எடுக்கும்படி சேகரத்து ஐயரிடம் கேட்டு, காரணத்தையும் தனிமையில் சொல்லிவிடுங்கள். அந்தப் பணம் அக்காளின் முதல் தவணை.

திருவிருந்துக்கு வரலாமா என்பது கடைசிக் கேள்வி. நம் தென்னிந்தியத் திருச்சபையின் வேர்களில் ஒன்றான ஆங்கிலிக்கன் மரபில், 1662-ஆம் ஆண்டு ஜெபப் புத்தகம் திருவிருந்து ஒழுங்கின் தொடக்கத்திலேயே இதற்கு ஒரு குறிப்பு வைத்திருக்கிறது. அயலானுக்குத் தீங்கு செய்து, அதனால் சபைக்கும் இடறலானவன், அநியாயம் செய்யப்பட்டவர்களுக்கு ஈடு செய்துவிட்டேன் என்றோ, குறைந்தது, முடிந்தவரை விரைவில் ஈடு செய்ய முழுத் தீர்மானம் கொண்டிருக்கிறேன் என்றோ அறிவிக்கும்வரை திருவிருந்துக்கு வரத் துணியக் கூடாது என்பது அதன் சாரம். இந்தக் குறிப்பின் கடுமையைவிட, "குறைந்தது" என்பதற்குப் பின்னால் வரும் தாராளத்தைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். கடைசி ரூபாய் கட்டி முடியும்வரை நீங்கள் பசியோடு வெளியே நிற்க வேண்டியதில்லை. வழக்கறிஞரைப் பார்க்கும் தேதியைக் குறித்து, அக்காளுக்குக் கடிதத்தைத் தபாலில் சேர்த்துவிட்டு, வருகிற திருவிருந்து ஞாயிறு அன்று வந்து கையை நீட்டுங்கள்.

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
உங்கள் ஆலோசகர்